கரிசல் பேச்சில் ‘ஏத்தி விடு’: கூட்டுவினைப் பதிவு குறித்து ஒரு கருத்துரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பேச்சில் நாள்தோறும் பலமுறை காதில் விழும் வினைகளுள் ஒன்று ‘ஏத்தி விடு’ என்பது. தலைச்சுமைக்குக் கைகொடுப்பதும், ஊருக்குப் புறப்படுபவரைப் பேருந்தில் அமர்த்துவதும், ஏலத்தில் கேள்வித்தொகையை உயர்த்துவதும், ஒருவரைச் சண்டைக்குத் தூண்டுவதும் இந்த ஒரே வினையால் சுட்டப்படுகின்றன. இவ்வினை இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்குவதே. எனினும் வானம்பார்த்த இப்பூமியின் வாழ்முறையோடு வைத்துப் பார்க்கும்போது, இதன் பொருள்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவு தெளிவாகப் புலப்படுகிறது. இத்தகைய பேச்சுவழக்குக் கூட்டுவினைகளை நம் வட்டார வழக்கு ஆய்வுகள் போதிய அளவில் கவனிக்கவில்லை என்பதும், பேச்சை எழுத்துவழக்குக்கு மாற்றிப் பதியும் நம் பழக்கம் அவற்றின் இலக்கண வேறுபாட்டையே அழித்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும்.

ஆங்கில மரபிலிருந்து ஓர் ஒப்பீடு

வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது ஆங்கிலப் பேச்சின் முக்கியக் கூறு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே இத்தகைய தொடர்கள் அயல்மொழியாருக்குப் பெரும் இடர்ப்பாடு தருவன என்பதை உணர்த்தி, அவற்றைக் கருத்தூன்றித் தொகுத்ததாகக் குறிப்பிட்டார். லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய நூலின்வழி ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்னும் பெயர் பரவியது. 1975இல் கௌவியும் மேக்கினும் இவ்வகை வினைகளுக்கெனவே ஓர் அகராதித் தொகுதியை ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகக் கொண்டுவந்தனர். பின்னர் லாங்மன், காலின்ஸ் பதிப்பகங்களும் தனி அகராதிகளை வெளியிட்டன. பேச்சுவழக்கு என்று ஒதுக்கத்தக்க சொற்கள் அங்கே தனி அகராதித் துறையாகவே வளர்ந்துள்ளன.

அவற்றுள் ‘புட் அப்’ என்னும் வினை நம் ‘ஏத்தி விடு’வுக்கு அணுக்கமானது. விலையை உயர்த்துவதற்கும் அது வரும்; ‘டு’ என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டால் ஒருவரைத் தகாத செயலுக்குத் தூண்டுவதற்கும் வரும். உயர்த்துதல் என்னும் கருத்திலிருந்து தூண்டுதல் என்னும் பொருள் கிளைப்பது, தொடர்பில்லாத இரு மொழிகளில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. ஆனால் ஆங்கிலத் தொடரில் பொருளை மாற்றுவது ‘அப்’ என்னும் திசைகாட்டும் இடைச்சொல். தமிழில் திசையை ‘ஏற்று’ என்னும் முதல்வினையே காட்டிவிடுகிறது. அதன்பின் வரும் ‘விடு’ வேறொன்றைச் செய்கிறது. அது யாது என்பதே ஆராயத்தக்கது.

நான்கு சூழல்கள்

முதலாவது, சுமை. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேல விறகை வெட்டிக் கட்டாகக் கட்டிய பெண், தானே அக்கட்டைத் தலைக்குக் கொண்டுபோக இயலாது. அவ்வழியே வருபவரைப் பார்த்து, “இந்தக் கட்ட ஏத்தி விட்டுட்டுப் போங்க” என்பார். ‘தூக்கி விடுங்க’ என்றும் சொல்வதுண்டு. கைகொடுத்தவர் கட்டைச் சும்மாட்டின்மேல் அமர்த்தியதும் தம் வழியே போய்விடுவார். சுமந்து நடப்பவர் அப்பெண்ணே. பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை இங்கே நினைவுகூரலாம். தோளுயரத்தில் அமைந்த அக்கல்லின்மேல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறியவர், பிறர் உதவியின்றித் தாமே அதை மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ள இயலும். ஏற்றிவிட ஆளில்லாத வழியில் அந்த ஆளின் இடத்தை நிரப்பியது கல்.

இரண்டாவது, பயணம். மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புக்காக வெளியூர் செல்வது இவ்வட்டாரத்தின் நெடுநாள் நிலைமை. மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அமைந்த அருப்புக்கோட்டையே சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் புறப்படு முனை. மகனையோ மகளையோ வழியனுப்பிவிட்டு வந்த தாய், “பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன்” என்பார். இத்தொடரில் ‘பஸ்’ என்னும் சொல் ஏழாம் வேற்றுமை உருபின்றி நிற்பது நோக்கத்தக்கது. ‘பஸ்ஸுல ஏத்தி விட்டேன்’ என்பது ஏற்றிய இடத்தை மட்டும் சுட்டுவதாக அமையலாம். ‘பஸ் ஏத்தி விட்டேன்’ என்பது வழியனுப்புதல் என்னும் முழு நிகழ்ச்சியையும் சுட்டுகிறது. ‘ரயில் ஏத்தி விடு’, ‘வண்டி ஏத்தி விடு’ என்பனவும் இவ்வாறே அமைந்தவை.

மூன்றாவது, ஏலம். கண்மாய் மீனுக்கும் கண்மாய்க் கருவேல மரங்களுக்கும் ஊரில் ஏலம் நடைபெறும். எடுக்கும் எண்ணமின்றிக் கேள்வித்தொகையை உயர்த்திக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்திக்கொள்பவர் உண்டு. “அவரு ஏத்தி விட்டுட்டு ஒதுங்கிட்டாரு” என்று பின்னர் பேசிக்கொள்வர். உயர்ந்த தொகையைக் கட்டுபவர் மற்றொருவர்.

நான்காவது, தூண்டுதல். “அவந்தான் ஏத்தி விட்டான், இவன் போயி அடிச்சிட்டான்” என்பதில் ஏத்தி விட்டவன் வேறு, அடித்தவன் வேறு. இப்பொருளிலேயே ஓர் இலேசான வகையும் உண்டு. பொய்யாகப் புகழ்ந்து ஒருவரைத் தம் தகுதிக்கு மீறிய செயலில் இறக்கி வேடிக்கை பார்ப்பதும் ஏத்தி விடுதலே. “என்னைய ஏத்தி விட்டு வேடிக்க பாக்குறியா?” என்னும் வினாவில் சினத்தைவிட நட்பின் உரிமையே மிகுதி.

நான்கையும் இணைக்கும் இழை

இந்நான்கையும் வெவ்வேறு பொருள்களாக எண்ணிட்டு நிறுத்திவிடலாம். ஆனால் அவற்றினூடே ஒரு பொதுவிழை செல்கிறது. ஏற்றுபவர் நின்றுவிடுகிறார், ஏற்றப்பட்டவரே தொடர்ந்து செல்கிறார். சுமைக்குக் கைகொடுத்தவர் சுமப்பதில்லை. பேருந்தில் ஏற்றியவர் பயணம் செய்வதில்லை. ஏலத்தை உயர்த்தியவர் பணம் கட்டுவதில்லை. சண்டைக்குத் தூண்டியவர் அடிப்பதுமில்லை, அடிபடுவதுமில்லை. ‘விடு’ என்னும் வினைக்கு அடிப்படைப் பொருள் பிடியை நீக்குதல், செல்லவிடுதல் என்பது. அப்பொருள் இங்கே தேயாமல் நிற்கிறது. ஒன்றை மேலேற்றி, அதிலிருந்து கையை எடுத்துக்கொள்ளுதல் என்பதே இக்கூட்டுவினையின் உட்பொருள்.

இதே பொருட்புலத்தைச் சேர்ந்த பிற தொடர்களும் இதற்குத் துணைநிற்கின்றன. தூண்டி விடு, ஏவி விடு, முடுக்கி விடு, கிளப்பி விடு, உசுப்பி விடு, கொம்பு சீவி விடு என யாவும் ‘விடு’ கொண்டே முடிகின்றன. நாயை ஏவுதலும் மாட்டின் கொம்பைச் சீவுதலும் ஆகிய செயல்களிலும், ஏவியவரும் சீவியவரும் களத்துக்குப் புறத்தே நிற்கின்றனர். ‘கொளுத்திப் போடு’ என்பதில் மட்டும் ‘போடு’ வருகிறது; அங்கே ஒருவரை அனுப்புதல் இல்லை, பேச்சு ஒன்றை எறிந்துவிட்டுப் போதலே உள்ளது. எந்த முதல்வினையோடு எந்த இரண்டாம் வினை சேரும் என்பது தற்செயலன்று என்பதை இவ்வொழுங்கு காட்டுகிறது.

ஆகவே ‘ஏத்தி விடு’ என்பதற்குத் ‘தூண்டு’ என்று மட்டும் பொருளெழுதினால் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. தூண்டியவர் உடன்நின்று போராடவும் கூடும். ஒரு தலைவர் தொண்டர்களைத் தூண்டித் தாமே முன்னே நடக்கலாம். அவரை ‘ஏத்தி விட்டார்’ என்று இவ்வட்டாரத்தார் சொல்வது அரிது. பொறுப்பிலிருந்து விலகி நிற்பதன்மேல் வைக்கும் மதிப்பீடும் இவ்வினையுள் அடங்கியிருக்கிறது. சுமைக்கு ஏத்தி விடுபவர் நல்லவர். சண்டைக்கு ஏத்தி விடுபவர் கெட்டவர். செயலின் வடிவம் இரண்டிலும் ஒன்றே என்பதைப் பேச்சுமொழி கண்டுகொண்டிருக்கிறது.

எழுத்தில் மறையும் வேறுபாடு

இனி இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் ‘விடு’ துணைவினையாகவும் வரும் என்பது யாவரும் அறிந்ததே. வந்துவிட்டான், உடைந்துவிட்டது என்பவற்றில் அது செயலின் முற்றுப்பேற்றையோ துணிவையோ உணர்த்துகிறது. தமிழ்க் கூட்டுவினைகள் குறித்து ஃபெட்சன் சிகாகோவில் அளித்த 1981ஆம் ஆண்டு ஆய்வேடு, கு. பரமசிவத்தின் ‘இக்காலத் தமிழ் மரபு’, இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட வினைவிரிவு பற்றிய நூல், தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டு இலக்கணம், ஹெரால்டு ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டுப் பேச்சுத்தமிழ் இலக்கணம் ஆகியவை துணைவினைகள் பற்றிய நம் புரிதலை வளர்த்தவை. துணைவினைகள் பேசுவோரின் மனப்பாங்கையும் புலப்படுத்தும் என்பதும், பேச்சில் அவை ஒலிக்குறுக்கம் பெறும் என்பதும் இவ்வாய்வு மரபில் நிலைபெற்ற கருத்துகள்.

‘ஏத்தி விடு’வைப் பொறுத்தவரை அவ்வொலிக்குறுக்கமே சிறந்த உரைகல்லாகிறது. துணைவினையாக வரும் ‘விடு’ இவ்வட்டாரப் பேச்சில் குறுகியே ஒலிக்கும். ‘வட்டிய ஏத்திட்டான்’, ‘ஏத்திப்புட்டான்’, எதிர்காலத்தில் ‘ஏத்திருவான்’ என்பன வடிவங்கள். கூட்டுவினையின் உறுப்பாக வரும் ‘விடு’ குறுகுவதில்லை. ‘அவன ஏத்தி விட்டான்’, ‘ஏத்தி விடுவான்’ என்று முழுமையாகவே ஒலிக்கும். இரண்டும் வெவ்வேறு என்பதற்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று, ஒரே தொடரில் இரண்டும் அடுத்தடுத்து வருவதாகும். ‘ஏத்தி விட்டுட்டான்’ என்பதில் முதல் ‘விடு’ கூட்டுவினையின் உறுப்பு. குறுகி நிற்கும் இரண்டாவது துணைவினை.

இன்னும் இரண்டு சோதனைகளைச் சொல்லலாம். முதலாவது எதிர்மறை. ‘நான் அவன பஸ் ஏத்தி விடல’ என்பது இயல்பான கூற்று. துணைவினை ‘விடு’வை இறந்தகால எதிர்மறையில் பேச்சில் கேட்பது அரிது, ஒருவர் முன்னரே கொண்ட எண்ணத்தை மறுக்கும் சூழலில் மட்டுமே அது வரும். இரண்டாவது எதிர்ச்சொல். சுமைக்கும் பயணத்துக்கும் ‘ஏத்தி விடு’வின் எதிர் ‘இறக்கி விடு’. தூண்டுதல் பொருளுக்கு ‘இறக்கி விடு’ எதிராகாது. அமர்த்து, சமாதானம் செய் போன்றவையே எதிராகும். ஒரே வடிவம் இரண்டு வகை எதிர்ச்சொற்களைக் கொள்ளுமாயின், அது ஒரே பதிவுக்குள் தனித்தனிப் பொருள் எண்களைப் பெறத்தக்கது.

விலை பற்றிய பேச்சில் இவ்விரு வடிவங்களும் அருகருகே வந்து பொருள் வேறுபடுத்துவதைக் காணலாம். ‘கடக்காரரு வெலய ஏத்திட்டாரு’ என்றால் அவர் தம் சரக்கின் விலையைக் கூட்டினார் என்பது பொருள். ‘தரகருங்க வெலய ஏத்தி விடுறாங்க’ என்றால் விற்பவரும் வாங்குபவரும் அல்லாத ஒருவர், புறத்தே நின்று விலையைச் செயற்கையாக உயர்த்துகிறார் என்பது பொருள். முன்னர்க் கூறிய விலகி நிற்றல் என்னும் கூறு இங்கும் தப்பாமல் வருகிறது. வாகனம் பற்றிய பேச்சிலோ வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. ‘கால் மேல வண்டிய ஏத்திட்டான்’ என்பது விபத்து. ‘வண்டி ஏத்தி விட்டான்’ என்பது வழியனுப்புதல்.

இப்போது இக்கூற்றுகளை எழுத்துவழக்குக்கு மாற்றிப் பார்ப்போம். ஏத்திட்டான் என்பதும் ஏத்தி விட்டான் என்பதும் ‘ஏற்றிவிட்டான்’ என்னும் ஒரே வடிவத்தைப் பெறுகின்றன. ஏத்தி விட்டுட்டான் என்பதை ‘ஏற்றிவிட்டுவிட்டான்’ என்று எழுதினால் இருமுறை வந்த ‘விடு’ பிழையெனக் கருதப்பட்டுத் திருத்தப்படும். பேச்சு ஐயமின்றிப் பிரித்துக் காட்டும் இரண்டு இலக்கணக் கூறுகளை எழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. எழுத்துத்தமிழே முழுமையானது, பேச்சு அதன் சிதைவு என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் இன்னும் வலுவாக உள்ளது. இவ்விடத்தில் நிகழ்வது அதற்கு நேர்மாறானது.

இதனால் நேரும் இழப்பு

இது இலக்கண நுட்பம் மட்டுமே என்று கருதுவோர் இருக்கலாம். ஒரு கற்பனைச் சூழலை எண்ணிப் பார்க்கலாம். கண்மாய் ஏலத்தை ஒட்டி ஊரில் கைகலப்பு நேர்கிறது. மறுநாள் விசாரணையில் ஓர் இளைஞர், “எங்க மாமாதான் ஏத்தி விட்டாரு” என்கிறார். சண்டைக்குத் தூண்டினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். சண்டை முற்றியபோது தம்மை ஊரைவிட்டுப் பேருந்தில் அனுப்பிவைத்தார் என்றும் பொருள் கொள்ளலாம். ஏலத்தில் தொகையை உயர்த்தினார் என்பதும் பொருந்தும். நண்பர்குழாத்தின் கேலிப்பேச்சாகவும் இருக்கலாம். வாக்குமூலத்தை எழுதுபவர் ‘தூண்டினார்’ என்று எழுதிய கணத்திலேயே மற்ற மூன்றும் மறைந்துபோகின்றன.

சட்டத்தில் அச்சொல்லுக்குக் கனம் உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாதல் என்பதைத் தூண்டுதல், சதியில் ஈடுபடுதல், வேண்டுமென்றே உதவுதல் என்னும் மூன்று வழிகளில் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவிலும் அவ்வரையறை தொடர்கிறது. ஏத்தி விடுதல் என்னும் பேச்சுச்சொல், கேலியிலிருந்து குற்றம்வரை விரிந்த பரப்பை உடையது. அதற்கு ஈடாக எழுத்தில் வைக்கப்படும் ‘தூண்டுதல்’, அப்பரப்பின் ஒரு முனையை மட்டும் தொடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை விளக்கவல்ல சான்றுநூல் ஒன்றை ஆக்கித்தரும் கடமை தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. நீதிமன்றத்தில் ஒரு சொல்லின் வட்டாரப் பொருளைக் கேட்டால் எடுத்துக்காட்டத்தக்க பதிவு நம் கையில் இருக்க வேண்டும்.

வாய்மொழி வரலாற்றுக்கும் இது பொருந்தும். பஞ்ச காலங்களையும் புலப்பெயர்வுகளையும் பற்றி முதியோர் கூறுவதைத் தொகுக்கும் ஆய்வாளர், ‘எங்க ஆத்தா என்னைய ரயிலு ஏத்தி விட்டுருச்சு’ என்னும் கூற்றை ‘என் தாய் என்னை இரயிலில் அனுப்பினார்’ என்று மாற்றி எழுதினால் செய்தி கிடைக்கும். தாய் நடைமேடையில் நின்றுவிட்டார் என்பதும், அத்துடன் பிடி விடப்பட்டது என்பதும் கிடையா. இவ்வட்டாரத்தாரின் நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்தக் கணமே.

நம் பதிவு மரபு

அகராதியாளர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இன்றும் நம் முதன்மைக் கருவி. 1992இல் வெளிவந்து 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கம் பெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால உரைநடையை அடிப்படையாகக் கொண்டு, பேச்சுவழக்கு, வட்டார வழக்குக் குறிப்புகளையும் எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தந்து புதுவழி காட்டியது. மொழி அறக்கட்டளையின் மரபுத்தொடர் அகராதியும் அவ்வழியில் வந்தது. இவற்றின் அடித்தளம் எழுத்துச் சான்றுகள். அதுவே அவற்றின் வலிமையும் எல்லையும்.

பேச்சைப் பதிய முற்பட்டவை வட்டார அகராதிகள். கரிசல் நிலத்துக்கு அப்பெருமையைத் தேடித்தந்தவர் கி. ராஜநாராயணன்; அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகனும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தொகுத்தளித்தனர். இம்மூவரும் படைப்பாளிகள் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் குழுவாகச் செய்ய வேண்டிய பணியைத் தனிமனிதர்கள் தம் ஆர்வத்தால் செய்துள்ளனர்.

அவற்றைப் பின்பற்றி எழுந்த ஆய்வேடுகளுள் நான் படித்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் பட்டியல்களே. உழவுக் கருவியின் உறுப்புகள், தறியின் உறுப்புகள், மண்வகை, பயிர்வகை, உறவுமுறைப் பெயர்கள் ஆகியவை நிறைவாகத் தொகுக்கப்படுகின்றன. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராதலின் தறிச்சொற்கள் ஆய்வாளரை ஈர்ப்பது இயல்பு. மறையும் பொருளோடு மறையும் பெயரைக் காப்பது தேவையான பணியே. ஆயினும் வினைகள், அவற்றுள்ளும் எல்லோர்க்கும் தெரிந்த வினைகள், ‘இதில் பதிய என்ன இருக்கிறது’ என்று விடப்படுகின்றன. அரிய சொல்லைத் தேடும் கண்ணுக்கு அன்றாடச் சொல் தென்படுவதில்லை.

திருச்சுழிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, சுந்தரர் தேவாரம் பெற்ற திருச்சுழியல் என்று அவ்வூரை அறிமுகப்படுத்துகிறோம். பதிகத்தின் பாடவேறுபாடுகளை எழுத்தெழுத்தாக ஆராயக் கற்பிக்கிறோம். கோயிலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் கேட்கும் ‘ஏத்தி விட்டான்’, ‘ஏத்திட்டான்’ ஆகியவற்றின் வேறுபாட்டுக்கும் அதே கூர்மை வேண்டும் என்று கற்பிப்பதில்லை.

எதிர்நிலைக் கருத்துகள் இரண்டு

இக்கருத்துக்கு இரு தடைகள் எழலாம். ஒன்று, இவை கொச்சை வழக்குகள் என்பது. தொல்காப்பியப் பாயிரம் நூலின் அடித்தளமாகச் செய்யுளோடு உலகவழக்கையும் கூறுகிறது. எச்சவியல் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. பதிவு செய்தல் வேறு, பரிந்துரைத்தல் வேறு. ‘ஏத்தி விடு’ என்று ஆய்வுரையில் எழுதுக என்று எவரும் சொல்லவில்லை; அது வழங்கும் முறையை அறிக என்பதே வேண்டுகோள்.

மற்றொன்று வலுவான தடை. செய்து வாய்பாட்டு வினையெச்சத்தோடு மற்றொரு வினை சேர்வது தமிழில் அளவிறந்த ஆக்கம் உடையது. எல்லாச் சேர்க்கைகளையும் பதிந்தால் அகராதி முடிவின்றி நீளும். இத்தடை நேர்மையானது. இதற்கு விடை, பாகுபாட்டு நெறியை வகுத்துக்கொள்வதே. இலக்கண விதியால் எவ்வினையோடும் சேரும் துணைவினைகளை இலக்கணத்தில் விளக்கினால் போதும், ‘ஏத்திட்டான்’ அவ்வகையது. உறுப்புகளின் பொருளைக் கூட்டியும் பெற இயலாத பொருள் உடையவற்றுக்கு மட்டும் தனிப்பதிவு வேண்டும். ஒலிக்குறுக்கம் பெறாமை, துணைவினை மேலும் சேர்தல், எதிர்மறையில் இயல்பாக வருதல், தனி எதிர்ச்சொல் பெறுதல் ஆகிய சோதனைகள் அவ்வகையைப் பிரித்தறிய உதவும். இச்சோதனைகளைப் பேச்சுவடிவத்தின்மேல்தான் நிகழ்த்த இயலும் என்பதால், பேச்சுவடிவத்தைக் காப்பது முதற்படியாகிறது.

செய்யத்தக்கவை

களஆய்வு சார்ந்த ஆய்வேடுகளில் ஒவ்வொரு கூற்றையும் கேட்டவாறே எழுதி, அதன்கீழ் எழுத்துவழக்கு வடிவத்தைத் தருவதை நெறியாக்கலாம். ஒன்றை வைத்து மற்றொன்றை நீக்குதல் கூடாது. கூட்டுவினையின் ஒவ்வொரு பொருளுக்கும் அது கொள்ளும் வேற்றுமை உருபு, உருபு தொக்கு வருதல், எதிர்ச்சொல், யார் யாரிடம் எச்சூழலில் சொன்னது ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாராட்டா, பழியா, கேலியா என்னும் மனப்பாங்குக் குறிப்பும் தேவை. இவ்வட்டாரத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டோர் கணிசமாக வாழ்கின்றனர். அவர்தம் தமிழில் இக்கூட்டுவினைகள் அமையும் முறையை ஒப்பிடுதல் திராவிட மொழியியலுக்கும் பயன்தரும்.

ஒரு துறை, ஒரு வட்டாரம், ஓர் இரண்டாம் வினை என்று எடுத்துக்கொண்டாலும் போதும். விடு, போடு, கொடு, வாங்கு, எடு, பார், தள்ளு ஆகியவற்றுள் ஒன்றை முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டு கேட்டுத் தொகுத்தால் நூறு தொடர்களேனும் கிடைக்கும். அவர் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. தம் வீட்டிலும் தெருவிலும் கேட்டாலே போதும். தாம் பேசும் மொழி ஆய்வுக்குரியது என்னும் தன்னம்பிக்கை, சிற்றூரிலிருந்து முதல்தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயன்.

மாணவரை ஆய்வில் ‘ஏத்தி விடு’வது ஆசிரியர் பணி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவ்வினையின் பொருளை அறிந்தபின் அவ்வாறு சொல்லத் தயக்கமும் வருகிறது. ஏற்றிவிட்டு நின்றுவிடுபவராக ஆசிரியர் இருத்தல் கூடாது. கேட்டலும் பதிதலும் பாகுபடுத்தலும் ஆகிய இப்பணியில் துறைகள் மாணவரோடு உடன்செல்ல வேண்டும்.